குடிச்சவனுக்கு அடிபட்டா ஒன்னும் ஆகாதா?

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. குடித்துவிட்டு விழுந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, நிதானத்தில் விழுந்தவன்தான் போய்ச் சேருவான் என்று. காரிமங்கலம் டீக்கடையில் ஆரம்பித்து தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி டிரைவர்கள் வரை யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரு சாட்சி வைத்திருப்பார்கள். இரட்டைப் பாலம் பக்கம் லாரி உருண்டு மற்றவர்களெல்லாம் போய்விட, போதையில் பின்னால் படுத்திருந்த கிளீனர் மட்டும் எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டானாம். உடம்பை விறைக்காமல் தொளதொளவென்று விழுவதால் அடி உள்ளே இறங்காது என்று காரணமும் தயாராக இருக்கும். நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். இந்த மாதிரிக் கதைகள் கல்லாவுக்கு எதிரே நின்று நிறையச் சொல்லப்படும், நானும் கேட்டுக்கொண்டே சில்லறை கொடுப்பேன். மறுத்துப் பேசினால் வியாபாரம் கெடும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் இதைக் கிளறிவிட்டது. அமெரிக்க ஆய்வு ஒன்றின் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாத்தீங்களா மாமா, வெள்ளைக்காரனே சொல்லிட்டான்" என்று கீழே எழுதியிருந்தான். விளையாட்டுக்குத்தான் அனுப்பினான். ஆனால் எங்கள் பெரியப்பா மகனுக்கு நடந்ததெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதனால் அதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியவில்லை. ஆய்வைத் தேடிப் பிடித்து வாசித்தேன், அதற்குப் பதில் சொன்ன ஆய்வுகளையும் வாசித்தேன், கடை சாத்திய பிறகு இதே வேலையாகக் கொஞ்ச நாள் கிடந்தேன்.

அந்த ஆய்வு பொய் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். 2009-இல் வந்தது. அமெரிக்காவின் தேசிய விபத்துச் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து, தலையில் பலத்த அடியோடு வந்த 38,019 பேரை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் மது இருந்தவர்களில் 7.7 சதவீதம் பேர் இறந்தார்கள், இல்லாதவர்களில் 9.7 சதவீதம். வயது, அடியின் கடுமை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் குடித்திருந்தவர்களின் பக்கம் சாவு கொஞ்சம் குறைவாகவே நின்றது. டீக்கடைப் பேச்சுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

அடிபட்ட பிறகு நடக்கும் சாவு

இது எப்படி இருக்க முடியும் என்று புரிய வேண்டுமானால், மூளை அணுக்கள் எப்போது சாகின்றன என்று பார்க்க வேண்டும். தலை ரோட்டில் மோதிய நொடியில் நசுங்கியது நசுங்கியதுதான், அதை எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இரண்டாவதாக ஒரு சாவு இருக்கிறது. அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும். அடிபட்ட நரம்பணுக்களிலிருந்து குளுட்டமேட் என்ற பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அது பக்கத்தில் நன்றாக இருக்கும் அணுக்களின் மேலுள்ள வாசல்களைத் திறந்துவிடுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. 2017-இல் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஒரு ஷட்டர் உடைந்ததே, அப்போது உடைந்தது ஒரே ஒரு மதகுதான், பயந்தது ஆற்றோரம் முழுக்க. அந்த மாதிரிதான் இதுவும். உள்ளே வந்த கால்சியம் அணுவின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது, புரதங்களை அரிக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது, சில அணுக்கள் அப்போதே வெடித்துச் சாகின்றன, சில அணுக்கள் தங்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்பாட்டின்படி மெதுவாக, பல நாள் கழித்துக்கூட, தங்களை முடித்துக்கொள்கின்றன. இதற்கு நடுவில் மூளை வீங்குகிறது. மண்டை ஓடு விரியாது. வீக்கம் ஏற ஏற உள்ளே ரத்தம் போவது குறையும், ரத்தம் குறைந்தால் இன்னும் சில அணுக்கள் சாகும், இன்னும் வீங்கும்.

சரி, மது இதில் எங்கே வருகிறது? குளுட்டமேட் திறக்கிற வாசல்களில் முக்கியமான ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. மதுவுக்கு அந்த ஏற்பியை மந்தப்படுத்தும் குணம் உண்டு. நாக்குக் குழறுவது, நேற்று நடந்தது மறப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. அப்படியானால் அடிபடும்போது ரத்தத்தில் மது இருந்தால் அந்த வாசல் பாதி சாத்தியே இருக்கும், கால்சியம் அவ்வளவாகப் பாயாது, அணுக்கள் தப்பிக்கும் என்று யோசித்தார்கள். எலிகளில் பார்த்தார்கள். குறைந்த அளவிலும் நடுத்தர அளவிலும் மது கொடுத்த எலிகளில் சில சோதனைகளில் உண்மையிலேயே சேதம் குறைவாக இருந்தது. அளவு கூடியபோது கதை மாறிவிட்டது, மூச்சு மந்தமாகி, ரத்த அழுத்தம் இறங்கி, எலி மோசமானது. எலிக்கு அளந்து கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார், டாஸ்மாக் வாசலில் அப்படி யாரும் நிற்பதில்லை என்று அக்கா மகனுக்கு எழுதிப் போட்டேன்.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. தலைக்காயத்தில் இதற்கு நீண்ட சோக வரலாறே இருக்கிறது. அந்த என்.எம்.டி.ஏ. வாசலை நேராக அடைக்கும் மருந்துகளை 1990-களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை. எலிகளில் பிரமாதமாக வேலை செய்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் 2014-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் தோற்றது. ஸ்டீராய்டு கதை இன்னும் மோசம். தலையில் அடி என்றால் வீக்கம் வடியும் என்று உலகம் முழுக்கப் பல வருஷம் போட்ட ஊசி அது. 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு 2004-இல் வெளியானபோது, ஊசி போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். என் கடைக்கு எதிரே நிற்பவரிடம் இதைச் சொன்னால் "அப்ப இத்தன நாளு?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிவேட்டில் வராதவர்கள்

அந்த 7.7-க்குத் திரும்பி வருகிறேன். அது ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்தவர்களின் கணக்கு. ரோட்டிலேயே முடிந்துபோனவன் அதில் இல்லை. மது பரிசோதனையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யப்படுவதில்லை. குடித்திருந்த கூட்டம் சராசரியில் வயது குறைந்த கூட்டம், இளைய உடம்பு அடியைத் தாங்கும், இதைக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம்தான், ஆனால் முழுசாகக் கழிந்ததா என்று எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். அப்புறம், செய்தியில் வராத ஒரு வரி அதே ஆய்வில் இருக்கிறது. பிழைத்தார்களே, அந்தக் குடித்திருந்தவர்களுக்குச் சிகிச்சையின்போது வந்த சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகம்.

தொளதொளவென்று விழுந்தால் அடி படாது என்பதற்கும் பதில் பழைய ஆய்வொன்றில் கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் விபத்தில் சிக்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் பதிவுகளை வைத்து 1986-இல் வெளியிட்டது. வேகம், சீட் பெல்ட், வண்டி நசுங்கிய அளவு எல்லாம் ஒத்துப்போகும் விபத்துகளை ஒப்பிட்டால், குடித்திருந்தவர்தான் பலத்த காயமோ சாவோ அடைய அதிக வாய்ப்பு. எழுந்து பீடி கேட்ட கிளீனரின் கதை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. எழுந்திருக்காத கிளீனர்களின் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

அண்ணன்

முன்னே சொன்ன பெரியப்பா மகன்தான் அண்ணன். பாலக்கோடு பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்துகொண்டிருந்தார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு, பின்மண்டை தார் ரோட்டில் பட்டது. ரத்தம் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்தார், பேசினார், வண்டி எங்கே என்று கேட்டார், மறுபடியும் வண்டி எங்கே என்று கேட்டார், வாந்தி எடுத்தார். சுற்றி நின்றவர்களுக்கு எல்லாமே ஒரே காரணத்தில் அடங்கிப்போயிற்று. தடுமாறுகிறாரா, போதை. வாந்தியா, போதை. கேட்டதையே கேட்கிறாரா, அதுவும் போதை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும், "நல்லா தண்ணி போட்டிருக்காரு, தெளியட்டும், காலைல வேணும்னா ஸ்கேன் பாத்துக்கலாம்" என்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

திண்ணையில் படுக்க வைத்தார்கள். ராத்திரி பயங்கரமான குறட்டை. நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் குறட்டையைப் பற்றிப் பிறகு வாசித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. நினைவு மங்கும்போது நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுவழியைப் பாதி அடைக்கும், அந்தச் சத்தம்தான் அது. மது ஏற்கெனவே மூச்சை மந்தப்படுத்தியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது, அது ஏறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள்ளே அழுத்தம் கூடுகிறது. அடிபட்ட மூளைக்கு இரண்டு எதிரிகள் என்று நரம்பு அறுவை சிகிச்சைக்காரர்கள் சொல்வார்கள், ஆக்சிஜன் குறைவும் ரத்த அழுத்தக் குறைவும். ரத்த அழுத்தத்தில் மேலே சொல்லும் பெரிய எண் ஒருமுறை 90-க்குக் கீழே இறங்கினாலே சாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று கண்டிருக்கிறார்கள். மது இந்த இரண்டுக்கும் துணை போகிற பொருள். ஆக, என்.எம்.டி.ஏ. வாசலில் அது ஏதோ கொஞ்சம் நல்லது செய்திருந்தாலும், திண்ணையில் அந்த நாலு மணி நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு பறித்துக்கொண்டிருக்கும்.

விடியற்காலை அண்ணி எழுப்பிப் பார்த்திருக்கிறார், எழவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருந்ததாம். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் ஆட்டுக்கு நோய் வந்தால் கண்ணைப் பார்த்துப் பழகியவர். "மனுசனுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு மாதிரி இருக்குமா?" என்று கத்திக்கொண்டு 108-ஐக் கூப்பிட வைத்தார். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனதும் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. பல வருஷம் குடிப்பவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கிவிடும், அதனால் மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியிலும் அறுந்துவிடும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறையவும் நேரமாகும். அண்ணனிடம் இரண்டும் இருந்தது. ஆபரேஷன் நடந்தது.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 2006-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை கண்ணில் பட்டது. தலைப்பே, நோயாளி தெளியட்டும் என்று காத்திருப்பதைப் பற்றியது. எங்கள் ஊர்த் திண்ணைப் பேச்சு அங்கேயும் இருந்திருக்கிறது! தலைக்காயத்தில் நினைவை அளக்க ஒரு மதிப்பெண் உண்டு, 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் உண்டாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். மது குடித்திருந்தால் இந்த மதிப்பெண் எவ்வளவு குறையும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் கேள்வி. பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் பதில். அடுத்த ஆண்டே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து வந்த இன்னொரு ஆய்வில், மதுவால் வந்த வித்தியாசம் ஒரு மதிப்பெண்கூட இல்லை. அதாவது தலையில் அடிபட்ட குடிகாரனின் மதிப்பெண் இறங்கியிருந்தால், பாட்டிலைக் குற்றம் சொல்லாமல் தலையைப் பார்க்க வேண்டும். லேசான தலைக்காயத்தில் யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று 2000-இல் வந்த நியூ ஆர்லியன்ஸ் விதிகளில், வாந்தி, வலிப்பு, 60-க்கு மேல் வயது ஆகியவற்றோடு போதையையும் ஒரு காரணமாகவே சேர்த்திருக்கிறார்கள். போதையில் இருக்கிறார், அதனால் ஸ்கேன் எடு என்கிறது விதி. நாம் போதையில் இருக்கிறார், அதனால் ஸ்கேன் வேண்டாம் என்கிறோம்.

இதை வாசித்த பிறகு, மது அணுவைக் காக்கிறதா கொல்கிறதா என்ற கேள்வியில் எனக்கிருந்த ஆர்வம் பாதி போய்விட்டது. அணுக்குள் அது என்ன செய்தாலும் செய்யட்டும். அடிபட்டவனைச் சுற்றி நிற்கிற, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத பத்துப் பேரின் கண்ணை அது மறைத்துவிடுகிறது. இரண்டாவது சாவு நடக்கிற மணிநேரங்களும், நாம் தெளியட்டும் என்று விட்டுவைக்கிற மணிநேரங்களும் ஒன்றேதான்.

எப்பவாவது

ஆபரேஷன் முடிந்து கொஞ்சம் கண் திறந்தவர், மூன்றாம் நாள் மாறிப்போனார். கை நடுங்கியது, போர்வையில் எதையோ பொறுக்கினார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார், குளுக்கோஸ் டியூபைப் பிடுங்கினார். மறுபடி ரத்தம் கட்டிவிட்டதோ என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், அது சரியாகவே இருந்தது. டாக்டர் அண்ணியிடம் கேட்டார், "தினமும் குடிப்பாராம்மா?" அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்ல சார், எப்பவாவது, விசேசத்துல."

அண்ணிக்கு அதற்குக் காரணம் இருந்தது. அவசரப் பிரிவில் எழுதும் விபத்துப் பதிவேட்டில் மதுவாடை என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் இன்சூரன்ஸ் வராது என்று வார்டிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனிநபர் விபத்து பாலிசிகளில் போதையில் நடந்ததற்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கிறது, அதனால் அந்தப் பயம் பொய்யும் இல்லை. மகளுக்கு ஒரு சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். வார்டில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரும் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நர்ஸம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி அண்ணியை வராண்டாவுக்குக் கூட்டிப்போனார், நானும் சீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று பின்னால் போனேன். சீட்டு எதுவும் இல்லை. "அக்கா, நான் எதுலயும் எழுத மாட்டேன். எவ்ளோ குடிப்பாருன்னு மட்டும் சொல்லுங்க, மருந்து அதுக்குத் தகுந்த மாதிரி குடுக்கணும்" என்றார். அண்ணி அழவில்லை, கோபப்பட்டார். யார் மேல் என்று தெரியவில்லை. "ரெண்டு குவாட்டரு. தெனமும். பொண்ணு வயசுக்கு வந்ததுலருந்து."

அதன் பிறகு வைத்தியம் வேறு மாதிரி ஆனது. பல வருஷம் குடிக்கும் மூளை, மது அடைத்து வைக்கும் அந்த என்.எம்.டி.ஏ. வாசல்களுக்கு ஈடாகப் புதிதாக நிறைய வாசல்களைக் கட்டிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் அவ்வளவு வாசல்களும் ஒன்றாகத் திறந்துகொள்ளும், அதனால்தான் நடுக்கம், வலிப்பு, எறும்பு. பொதுவாகக் கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு மூன்று நாளில் இது உச்சத்துக்குப் போகும். மூளை வீக்கமும் கிட்டத்தட்ட அதே நாள்களில்தான் உச்சத்தில் நிற்கும். அடியில் தப்பித்த அணுக்களுக்கு இது இரண்டாவது வெள்ளம். எலியில் காப்பாற்றியதாகச் சொன்ன அதே குணம், தினமும் குடிக்கும் மனிதனிடம் இப்படித் திருப்பி வசூல் செய்கிறது. நரம்பை அமைதிப்படுத்தும் லோராசிபாம் கொடுத்தார்கள், குளுக்கோஸுக்கு முன்னாலேயே தயமின் ஊசி போட்டார்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் ஞாபகப் பகுதியே கெட்டுவிடலாம். நான் வருஷக்கணக்காக விற்கிற சாதாரண பி-1 விட்டமின்தான் அது.

அண்ணன் பிழைத்துவிட்டார். பழைய கணக்கு வழக்கெல்லாம் நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை. சட்டென்று கோபம் வருகிறது. வாசனை சுத்தமாகப் போய்விட்டது. பின்மண்டையில் அடிபட்டால் மூளை முன்னால் ஆடி, மூக்கிலிருந்து மேலே போகும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துவிடுமாம். குழம்பு அடிப்பிடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை, அண்ணி கேஸை அவரை நம்பி விட்டுவிட்டு வெளியே போவதில்லை. இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. நர்ஸம்மா எதுவும் எழுதவில்லை, அவசரப் பிரிவில் முதலிலேயே எழுதியிருந்தார்கள்.

இப்போது கடைக்கு யாராவது வந்து, "ண்ணா, நேத்து குடிச்சிட்டு வுழுந்துட்டாரு, தலை வலிக்குதாம், ஒரு மாத்திரை குடு" என்றால் நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. ஆஸ்பிரின் கலந்தது ரத்தக் கசிவைக் கூட்டும், தூக்க மாத்திரை இருக்கிற நினைவையும் மறைக்கும். வாந்தி எடுத்தாரா, கூப்பிட்டால் எழுகிறாரா, பேச்சு சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்றில் தடுமாறினாலும் 108. சாலை விபத்து என்றால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை பணம் கேட்கக்கூடாது என்று 2021 டிசம்பரிலிருந்து அரசுத் திட்டமே இருக்கிறது, அதையும் சொல்வேன். சிலர் "மாத்திர கேட்டா ஸ்கேனுங்கற" என்று முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே கிடைத்தும்விடும். கேட்டுக்கொள்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறேன். டாக்டர் கேட்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.